8 ஆயிரம் கல்யாணத்துக்கு வாங்கினால்தான் ஒரு சொட்டு கிடைக்குமாம்!

சம்பங்கி சென்ட் செய்ய 4 மாதம் அலைந்த பெண் குமாஸ்தா

சென்னை:-

மாலை கட்டச் சம்பங்கிப் பூ மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. அதே சம்பங்கி வாசனையில் வீட்டில் சென்ட் செய்யப் போனால், ஒரு சொட்டுச் சரக்கு கிடைப்பதில்லை!

வடசென்னையைச் சேர்ந்த ஒரு பெண் குமாஸ்தா இதற்காக 4 மாதம் தெருத் தெருவாக அலைந்தார். ஏமாந்தார். பணத்தை விட்டார். கடைசியில் ஜெயித்தார்.

இதுபற்றிய சுவையான விவரம் வருமாறு:-

தாம்பூலப் பையில் சென்ட்

அவருக்கு வயது 52. தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அவருடைய தாயார் பூ வியாபாரி. பூக்கடை பத்ரியன் தெருவில் கூடை போட்டுப் பூ விற்றவர். 1996-ல் மொத்த பூ வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போயிற்று. அதோடு அவரும் வியாபாரத்தை விட்டுவிட்டார். இப்போது வயது 81.

வைகாசியில் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலையோடு ஒரு சின்ன சென்ட் டப்பா போட வேண்டும் என்று குமாஸ்தா அம்மாவுக்கு ஆசை. கடையில் வாங்கிய சென்ட் அல்ல. பாட்டி விற்ற சம்பங்கியின் வாசனை!

நமது நிருபரிடம் அவர் கூறியதாவது:-

"எங்கம்மா ராத்திரி வீட்டுக்கு வந்தா, புடவை பூரா சம்பங்கி வாசனை அடிக்கும். மல்லி மாதிரி குத்தாது. சுண்டக் காய்ச்சின பால்ல ஆடை கட்டியிருக்கும் பாருங்க, அந்த மாதிரி கொழகொழன்னு ஒரு வாசனை. அது என் பொண்ணு கல்யாணத்துல இருக்கணும்னு நெனச்சேன். 300 டப்பா போதும். பெரிய வேலையில்லன்னு இறங்கிட்டேன்!"

இறங்கிய பிறகுதான் ஆழம் தெரிந்தது.

சம்பங்கி கேட்டால் செண்பகம்!

முதலில் பாரிமுனை. நைனியப்ப நாயக்கன் தெருவிலும் ராசப்ப செட்டி தெருவிலும் கடை கடையாக ஏறி இறங்கினார். நாட்டு மருந்து, ரசாயனம், எசன்ஸ் எல்லாம் விற்கும் வட்டாரம் அது.

"சம்பங்கி எசன்ஸ் இருக்கா?" என்று கேட்டார். ஒரு கடையில் உடனே எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போய்த் திறந்தால் அது செண்பகப்பூ வாசனை!

இது மோசடி அல்ல. பெயர்க் குழப்பம்.

நாம் சம்பங்கி என்று சொல்வது, மாலையில் வைக்கும் வெள்ளைப் பூ. மெக்சிகோ நாட்டில் இருந்து வந்த கிழங்குச் செடி. தெலுங்குக்காரர்கள் சம்பங்கி என்று சொன்னால் அது நமது செண்பகம். இந்தியில் செண்பகத்துக்குப் பெயர் சம்பா. நமது சம்பங்கிக்கு இந்தியில் பெயர் ரஜனிகந்தா. இங்கிலீஷில் டியூப்ரோஸ்.

ஆகவே கடையில் "ரஜனிகந்தா" அல்லது "டியூப்ரோஸ்" என்று கேட்க வேண்டும்!

அப்படிக் கேட்டார். கிடைத்தது. ஆனால் அது ஊதுவத்திக்குப் போடும் கலவைச் சரக்கு. பூவில் இருந்து எடுத்தது அல்ல. விலையும் மலிவு. வாசனையும் மலிவு.

சத்தியமங்கலத்தில் இருந்து பிரான்சுக்கு

உண்மையான பூச்சாறு எங்கே இருக்கிறது? நமது ஊரில்தான் இருக்கிறது!

சத்தியமங்கலம், நிலக்கோட்டை, மதுரை வட்டாரங்களில் மல்லியும் சம்பங்கியும் ஏராளமாக விளைகின்றன. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடே கொடுத்தார்கள். மாலைக்குப் போனது போக, மீதிப் பூ வாசனைச் சாறு எடுக்கும் ஆலைகளுக்குப் போகிறது.

அங்கே பூவை ஹெக்சேன் என்ற திரவத்தில் ஊற வைக்கிறார்கள். திரவத்தை ஆவியாக்கினால் மெழுகு மாதிரி ஒன்று தங்கும். அதற்குக் "கான்கிரீட்" என்று பெயர். வீடு கட்டும் கான்கிரீட் அல்ல! அதை மறுபடியும் ஸ்பிரிட்டில் கரைத்து மெழுகை நீக்கினால் கிடைப்பது "அப்சல்யூட்". அதுதான் அசல் பூச்சாறு.

ஒரு கிலோ மல்லிச் சாறு எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ பூ வேண்டும். ஒரு கிலோ சம்பங்கிச் சாறுக்கு ஆயிரக்கணக்கான கிலோ பூ வேண்டும். விலை லட்சக்கணக்கில் போகிறது. பிரான்சு முதலிய நாடுகளின் சென்ட் கம்பெனிகள் வாங்கிப் போகின்றன.

கிலோ கணக்கில் விற்கும் ஆலையிடம் போய் "அரை கிராம் கொடுங்கள்" என்றால் யார் கொடுப்பார்கள்?

பாலாடை வாசனைக்கு ஒரு ரசாயனம்

சம்பங்கிச் சாறு மட்டும் போதாது. அதில் பச்சை வாடையும் மருந்து வாடையும் கலந்திருக்கும். வலிக்குத் தடவும் தைலத்தில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட், இயற்கையாகவே சம்பங்கியிலும் இருக்கிறது. அதை அடக்கி, பாலாடை போல வழவழப்பாக்க வேறு சரக்குகள் வேண்டும்.

அவற்றில் முக்கியமானவை "லாக்டோன்" என்ற இனம்.

* டெல்டா டெக்காலாக்டோன்:- வெண்ணெய், பால் வாசனை.

* காமா நோனலாக்டோன்:- தேங்காய் வாசனை. கடையில் "ஆல்டிஹைடு சி-18" என்பார்கள். உண்மையில் இது ஆல்டிஹைடே அல்ல!

* காமா அண்டெக்காலாக்டோன்:- பீச் பழ வாசனை. "ஆல்டிஹைடு சி-14" என்பார்கள். இதுவும் ஆல்டிஹைடு அல்ல!

இப்படி ஒரே சரக்குக்கு நாலு பெயர். தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு ரசாயனத்துக்கும் சி.ஏ.எஸ். எண் என்று உலகம் பூராவும் ஒரே எண் உண்டு. ஆளுக்கு ஆதார் எண் மாதிரி! டெல்டா டெக்காலாக்டோன் எண் 705-86-2. காமா நோனலாக்டோன் எண் 104-61-0. பெயரைச் சொல்லாமல் எண்ணை எழுதிக் காட்டினால் சரக்கு மாறாது.

"நான் ஊதுவத்திக் கடையா தேடினேன். அது தப்பு. ஐஸ்கிரீமுக்கும் பிஸ்கெட்டுக்கும் எசன்ஸ் செய்யறவங்ககிட்டதான் லாக்டோன் இருக்குன்னு பிறகுதான் தெரிஞ்சுது" என்றார் குமாஸ்தா அம்மா.

அங்கே போனார். இருந்தது. ஆனால் கடைக்காரர் ஒரு குண்டு போட்டார்.

"குறைஞ்சது ஒரு கிலோம்மா. உடைச்சுக் குடுக்க மாட்டோம்!"

கணக்குப் போட்டார், மயக்கம் வந்தது!

அவருக்குக் கணக்கு கைவந்த தொழில். அங்கேயே போட்டுப் பார்த்தார்.

300 டப்பா. டப்பாவுக்கு 2 கிராம். மொத்தம் 600 கிராம். அதில் டெல்டா டெக்காலாக்டோன் எவ்வளவு? 0.12 கிராம்தான்! அதற்கு மேல் போட்டால் பூ வாசனை போய்விடும்.

0.12 கிராமுக்காக 1,000 கிராம் வாங்க வேண்டும்.

"அந்த ஒரு கிலோவ வெச்சி 8 ஆயிரம் கல்யாணம் நடத்தலாம் சார். எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு!"

இதுதான் வீட்டில் சென்ட் செய்பவர்கள் எல்லோருக்கும் உள்ள சங்கடம். சரக்கு இல்லாமல் இல்லை. சில்லறையாக இல்லை!

போலிச் சந்தனம்

அடுத்தது சந்தனம். பூ வாசனை நிற்க, அடியில் சந்தனம் வேண்டும். அதுவும் பால் போன்ற வாசனைதான்.

ஒரு கடையில் "அசல் சந்தன எண்ணெய்" என்று 10 மில்லி புட்டியை 400 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். மலிவாக இருக்கிறதே என்று 3 புட்டி வாங்கினார். 1,200 ரூபாய் போயிற்று.

திருவல்லிக்கேணியில் அத்தர் வியாபாரம் செய்யும் ஒரு பாயிடம் அதைக் காட்டினார். அவர் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. விலையைக் கேட்டதுமே சிரித்துவிட்டார்.

"அசல் சந்தன எண்ணெய் கிலோ லட்ச ரூபாய்க்கு மேலம்மா. நீங்க குடுத்த காசுக்குக் கிலோ 40 ஆயிரம்தான் ஆவுது. கணக்கு எழுதற நீங்களே ஏமாந்தா எப்படிம்மா?"

பாய் ஒரு சோதனையும் சொல்லிக் கொடுத்தார். தடித்த வெள்ளைக் காகிதத்தைக் குச்சி மாதிரி நறுக்கி, நுனியில் ஒரு சொட்டு தொட்டு வைக்க வேண்டும். அசல் சந்தனம் முதலில் மெதுவாகத்தான் வரும். மூக்கில் பாயாது. ஆனால் மறுநாளும் அதற்கு மறுநாளும் இருக்கும். மலிவுப் போலி முதலில் பாய்ந்து வந்து, விடிந்தால் ஓடிப்போகும்.

ஆனால் கைதேர்ந்த கலப்படத்தைக் காகிதம் காட்டாது. அதற்குக் கருவிச் சோதனைதான் வேண்டும். உத்தரப்பிரதேசம் கன்னோஜில் 1991-ல் தொடங்கிய வாசனைப் பொருள் வளர்ச்சி மையம் இருக்கிறது. மத்திய அரசின் சிறுதொழில் அமைச்சகத்தைச் சேர்ந்தது. அங்கே சோதனையும் செய்கிறார்கள், பயிற்சியும் கொடுக்கிறார்கள்.

"அசல் வாங்க முடியலன்னா, செயற்கைச் சந்தனம்னு சொல்லியே விக்கறதை வாங்குங்க. அதுல தப்பு இல்ல. அசல்னு சொல்லி விக்கறதுதான் தப்பு" என்றார் பாய்.

அப்படியே செய்தார்.

கேட்கவே கூடாத சரக்கு

பழைய புத்தகங்களில் உள்ள பக்குவத்தை நம்பி எல்லாவற்றையும் தேடக் கூடாது. சில சரக்குகள் கிடைக்காமல் இருப்பதற்குக் காரணம் உண்டு.

பாதாமும் வெனிலாவும் சேர்ந்த மாதிரி வாசனை தரும் ஹீலியோட்ரோப்பின் என்ற வெள்ளைத் தூள் பழைய பக்குவங்களில் அடிக்கடி வரும். இதன் இன்னொரு பெயர் பைப்பரோனல். போதை மாத்திரை செய்யவும் இது உதவும்! ஆகவே 1988-ம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. காகிதம் இல்லாமல் வாங்கினால் வம்பு வீட்டுக்கு வரும். அதற்குப் பதில் வெனிலின் துளி போதும்.

லிலியால், லைரால் என்ற இரண்டு பூ வாசனை ரசாயனங்களும் பழைய பக்குவங்களில் உண்டு. லைரால் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். லிலியால் இனப்பெருக்கத்துக்குக் கெடுதல் என்று வகைப்படுத்தப்பட்டது. ஐரோப்பாவில் லைரால் 2021-லும் லிலியால் 2022-லும் தடை செய்யப்பட்டன. எங்காவது மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்!

ஸ்பிரிட் எங்கே?

எல்லாச் சரக்கும் கிடைத்தாலும் கரைக்க ஸ்பிரிட் வேண்டுமே? தமிழ்நாட்டில் 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் ஸ்பிரிட்டை வாங்கி வைக்க முடியாது.

"வேற ஸ்பிரிட் இருக்கு, பேர் கேக்காதீங்க" என்று ஒரு ஆள் சொன்னாராம். குமாஸ்தா அம்மா பயந்து ஓடி வந்துவிட்டார்.

நல்ல காரியம் செய்தார்! பெயர் தெரியாத ஸ்பிரிட்டில் மெத்தனால் இருக்கலாம். அது விஷம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது மெத்தனால் கலந்த சாராயம்தான். அது தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். சென்ட்டில் சேர்க்கவே கூடாது.

பாட்டி சொன்ன வழி

3 மாதம் ஓடிவிட்டது. கல்யாணத்துக்கு 5 வாரம்தான் பாக்கி. கையில் செயற்கைச் சந்தனமும் வேறு சில புட்டிகளும்தான்.

ஒருநாள் ராத்திரி அவர் சோர்ந்து உட்கார்ந்திருந்தபோது தாயார் கேட்டார்:-

"இன்னாடி இது, பூ வாசனைக்குக் கடை கடையா அலையறே? மிஞ்சின பூவ நாம எண்ணெயிலதான போடுவோம்? உன் தலைக்குத் தேச்சதெல்லாம் இன்னா எண்ணெய்?"

அவ்வளவுதான். வழி பிறந்துவிட்டது!

பறித்த பிறகும் வாசனை விடும் பூக்கள் சில உண்டு. மல்லியும் சம்பங்கியும் அந்த ரகம். கொழுப்பின் மேல் பரப்பி வைத்தால் வாசனை கொழுப்பில் இறங்கும். பிரான்சு நாட்டில் கிராஸ் என்ற ஊரில் ஒரு காலத்தில் கண்ணாடித் தட்டில் கொழுப்பைத் தடவி இப்படித்தான் எடுத்தார்கள். வடக்கே எள்ளோடு மல்லியை அடுக்கி வைத்து, பிறகு எள்ளை ஆட்டி வாசனை எண்ணெய் எடுத்தார்கள்.

குமாஸ்தா அம்மா கோயம்பேட்டில் சாயங்காலம் சம்பங்கி வாங்கினார். ஈரம் போகத் துணியில் உலர்த்தினார். எவர்சில்வர் தட்டில் தேங்காய் எண்ணெய். சென்னை வெயிலில் அது உறையாது. ஆகவே கொஞ்சம் தேன்மெழுகு உருக்கிச் சேர்த்தார். மேலே பூவைப் பரப்பி மூடி வைத்தார். மறுநாள் பழைய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ. இப்படி 12 நாள்!

பூவில் ஈரம் இருந்தால் எண்ணெய் காறிப்போகும். ஒரு தட்டு அப்படிப் போயிற்று.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. அவர் ஊரெல்லாம் தேடிய டெல்டா டெக்காலாக்டோன், தேங்காய் எண்ணெயின் வாசனையிலும் இயற்கையாகவே இருக்கிறது. கொஞ்சம்தான், ஆனால் இருக்கிறது. சமையல்கட்டு அலமாரியில்!

மெழுகு சேர்ந்ததால் ஸ்பிரிட் தொல்லையும் ஒழிந்தது. புட்டிச் சென்ட்டுக்குப் பதில், ஜவ்வாது மாதிரி தொட்டுத் தடவும் களிம்பு.

சீட்டுப் போட்டு வாங்கினார்கள்

களிம்பில் வாசனை மெல்லிசாக இருந்தது. தூக்கிவிட ரசாயனம் கொஞ்சம் வேண்டும். அந்த ஒரு கிலோ பிரச்சினைக்கு என்ன செய்வது?

வாட்ஸ்அப்பில் சோப்பும் மெழுகுவத்தியும் செய்கிற பெண்கள் குழு ஒன்று கிடைத்தது. சீட்டுப் பிடிப்பதுபோலச் சேர்ந்துகொண்டார்கள். சோப்பு செய்பவர் ஒருவர் கிலோ வாங்கினார். மற்றவர்கள் 10 கிராம், 10 கிராமாகப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். சம்பங்கிச் சாறு மட்டும், சின்னப் புட்டியில் விற்கும் ஒரு கடையில் இருந்து 1 கிராம் தபாலில் வந்தது. பகுப்பாய்வுச் சான்று கேட்டு வாங்கினார்.

பங்கு பிரிக்கும்போது புட்டியில் பெயர், சி.ஏ.எஸ். எண், தேதி எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் எது எது என்று தெரியாது.

அவர் செய்த கணக்கு (100 கிராம் களிம்புக்கு):-

பூ ஊறிய தேங்காய் எண்ணெய் 65 கிராம்.

தேன்மெழுகு, தட்டில் சேர்த்ததையும் சேர்த்து 25 கிராம்.

மெத்தில் டைஹைட்ரோ ஜாஸ்மோனேட் (வியாபாரப் பெயர் ஹெடியோன்) 4 கிராம்.

பென்சில் சாலிசிலேட் 2.4 கிராம்.

செயற்கைச் சந்தனம் 2 கிராம்.

இலாங் இலாங் எண்ணெய் 0.5 கிராம்.

வெனிலின் 0.1 கிராம்.

சம்பங்கிச் சாறு, பத்தில் ஒரு பங்காகக் கரைத்தது 0.6 கிராம்.

இரண்டு லாக்டோன்கள், பத்தில் ஒரு பங்காகக் கரைத்தவை 0.2 கிராம் வீதம்.

சொட்டுக் கணக்கு உதவாது. நகைக்கடையில் வைத்திருக்கும் மாதிரி, 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, சூடு தணிந்து இறுகும் முன் வாசனைச் சரக்கைக் கலக்க வேண்டும். கையுறை அவசியம். செய்து முடித்ததும் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி, ஒருநாள் பார்த்த பிறகே பிறருக்குக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். சும்மா கொடுப்பது வேறு, விற்பது வேறு. விற்பதற்காகச் செய்தால் 2020-ம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி லைசென்ஸ் எடுக்க வேண்டும்.

"பாதி வந்துடுச்சி!"

முதல் தடவை லாக்டோனைக் கரைக்காமல் அப்படியே ஊற்றிவிட்டார். தாயாரிடம் நீட்டினார்.

"இன்னாடி, ஐஸ்கிரீம் வாசன அடிக்குது!" என்று பாட்டி டப்பாவைத் தள்ளிவிட்டார்.

இரண்டாவது தடவை சந்தனம் அதிகம். "சாமி ரூமாட்டம் கீது" என்றார்.

மூன்றாவது தடவை கணக்கு சரியாக வந்தது. காலையில் காட்டினார். பாட்டி முகர்ந்தே பார்க்கவில்லை.

"சம்பங்கி ராத்திரியிலதான்டி மணக்கும். வெளக்கு வெச்சதும் கொண்டா."

விளக்கு வைத்த பிறகு பாட்டியின் புறங்கையில் தடவினார். பாட்டி ரொம்ப நேரம் பேசவில்லை. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முகர்ந்தார். பிறகு சொன்னார்:-

"பாதி வந்துடுச்சி. மீதி வராது. அதுல ஈரச் சாக்கு வாசனையும் மழைத் தண்ணி வாசனையும் இருக்கும். அது அந்தத் தெருவுலதான்டி."

கல்யாணத்தில் 300 டப்பாவும் போயிற்று. எந்தக் கடையில் வாங்கியது என்று பலர் கேட்டார்கள். மொத்தச் செலவு, ஏமாந்த 1,200 ரூபாயையும் சேர்த்து, கடைச் சென்ட் வாங்கியிருந்தால் ஆகும் செலவைவிடக் கொஞ்சம் கூடுதல்தான் என்று குமாஸ்தா அம்மா கணக்குப் புத்தகத்தைக் காட்டினார்.

பாட்டியின் தலைமாட்டில் இப்போது ஒரு டப்பா இருக்கிறது. ராத்திரியில் மட்டும் திறக்கிறாராம்.

மகளோ அடுத்த வேட்டையைத் தொடங்கிவிட்டார். இந்தத் தடவை மனோரஞ்சிதம்!